இரண்டு ஏழுமலையும் ஒரு கேரியரும்

ஏழுமலை செத்துப்போனான் என்ற செய்தியைக் கேட்டவர்களில் பாதிப்பேர், செத்தது நான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். திருப்பாலைவனத்திலிருந்து என் மைத்துனன் மாலையை வாங்கிக்கொண்டே பஸ் ஏறிவிட்டான். நான் பழவேற்காடு ஏலக்கூடத்தில் இறால் எடை போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வியாபாரி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்போ அது நீ இல்லியா?" என்று கேட்டார். எனக்குச் செய்தி வந்து சேர்ந்தது அந்தக் கேள்வியில்தான். நான் இல்லையென்றால் அவன். கோட்டைக்குப்பத்தில் ஏழுமலை என்ற பெயருக்கு நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

அவனைத் தெரிந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் படத்திறப்பு அன்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் குழம்பிப்போய் நின்றதைப் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். இரண்டு பேருடைய பெற்றோரும் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு ஒரே வருஷத்தில் பிள்ளை பெற்றார்கள். அவன் அப்பா மாரிமுத்து, என் நைனா மாரி. ஆக, எழுத்தில் இரண்டு பேருமே மா. ஏழுமலை. ரேஷன் கடையில் அவன் சர்க்கரையை நான் வாங்கி வந்திருக்கிறேன், என் மண்ணெண்ணெயை அவன் வாங்கிப் போயிருக்கிறான். ஊர் எங்களைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி உயரம். அவன் நெட்ட ஏழுமலை, நான் கட்ட ஏழுமலை. குணத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அவன் தலையாட்டுவான். நான் சந்தேகப்பிராணி. தராசைச் சந்தேகப்படுவேன், வானிலை அறிக்கையைச் சந்தேகப்படுவேன், என் வீட்டில் நல்ல குழம்பு வைத்தால் எதற்கு இந்த உபசாரம் என்று சந்தேகப்படுவேன்.

அவன் போனது நெஞ்சுவலியில். பொன்னேரியில் டாக்டர் பார்த்துச் சொன்னது அது. ஊர் நம்பவில்லை. "அதாம்பா, ரத்தத்துல இருந்துச்சே, அதான் கடைசில காட்டிக்கிச்சி" என்று ஒருவர் காதில் ஒருவர் ஓதிக்கொண்டிருந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்ட ஆள் கூப்பிட்டபோது பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் நின்ற இடத்தில் திடீரென்று எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது. ஒருவர் பந்தல்காரனுக்குப் போன் பண்ணப் போனார். ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கொரோனா காலத்துக் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்து மாலை வைத்தவரையும் நான் பார்த்தேன், அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவருக்குத் தெரியும். நானும் அவன் மகனும் குளிப்பாட்டினோம். அப்போது கூட்டத்தில் ஒரு குரல் சொன்னது என் காதில் விழுந்தது: "கட்டைக்கு இன்னா, அவனுக்குந்தான் அது கீது."

ஆமாம், எனக்கும் அது இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு ரத்ததான முகாம் வைத்தார்கள். மண்டையோடு செதுக்கிய வாசலுக்கு எதிரே படுக்கவைத்து ரத்தம் எடுக்கிறார்கள் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊருக்கு வெளியாள் யார் வந்து இறங்கினாலும் எதையாவது ஏற்றிக்கொண்டுதான் போவான். டச்சுக்காரன் துணியை ஏற்றினான், துணியோடு ஆளையும் ஏற்றினான். இவர்கள் ரத்தத்தை ஏற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டு நான் வலை பின்ன உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ரத்தம் கொடுத்தவனுக்கெல்லாம் மூன்று அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். என் மனைவி கன்னியம்மா அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாசம், கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நின்ற கரு. பிரசவத்துக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் சோறு கொண்டுவர ஆகும் என்றாள். கர்ப்பிணி கேட்டதை மறுக்க முடியுமா? நெட்டையும் நானும் ஒன்றாகப் போய்ப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, ஆளுக்கொரு பை ரத்தம் கொடுத்து, ஆளுக்கொரு கேரியர் வாங்கி வந்தோம். அவனிடம் அப்போது போன் கிடையாது. போன் நம்பர் கேட்டபோது அவனும் என் நம்பரையே சொன்னான்.

கொஞ்ச நாள் கழித்து நான் கரையில் நின்றிருக்கும்போது போன் வந்தது. காற்று இரைச்சல். ஒரு பெண்பிள்ளை, ஏழுமலை சாருங்களா, முகாம்ல ரத்தம் குடுத்தீங்கல்ல என்று ஆரம்பித்தது. அதற்கப்புறம் எனக்குக் கேட்டது இரண்டே வார்த்தை: கேரியர், நேர்ல வரணும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிறார்கள் பார். வாங்கின ரத்தத்தை மட்டும் திருப்பித் தருவார்களா? கேரியர் எங்க வூட்லதான் கீது, தர முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாளைக்கு மறுநாள் அதே குரல், அதே ஏழுமலை சார், அதே கேரியர். அதான் சொல்லிட்டேனேம்மா என்று பேசவே விடாமல் வைத்தேன்.

நெட்டையிடம் சொன்னேன். அவன் ஆளே வேறு மாதிரி. "குடுத்தவங்க கேட்டா குடுத்துட்டுப் போவ வேண்டியதுதானே, எதுக்குப் பேஜாரு" என்றான். மறுநாள் அவன் மனைவி தேவகி கேரியரைப் புளி போட்டுத் துலக்கினாள். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. அதனால் அடி அடுக்கில் சோறு, நடுவில் நண்டுக் குழம்பு, மேலே மடவை மீன் வறுவல். அதைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து பட்டணத்துக்கு ரயில். முகாம் நடத்திய ரத்த வங்கியில் போய், "கேரியர் கேட்டீங்களாமே, இந்தாங்கம்மா, ஏழுமலை" என்று மேஜைமேல் வைத்திருக்கிறான்.

சாயங்காலம் கேரியரோடேயே திரும்பி வந்தான். கவிழ்த்துப் போட்ட படகின்மேல் என் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னான்.

"கேரியர்னா இது இல்லியாம்டா. ரத்தத்துல வைரஸ் கீதாம். மஞ்சாக்காமாலை வைரஸாம். கல்லீரல்ல குந்திக்கினு ரத்தத்துல சுத்துமாம். நமக்கு ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருப்போமாம். ஆனா நம்ம ரத்தத்துலருந்து அடுத்தவங்க ரத்தத்துக்குப் போவுமாம். அப்பிடி வெச்சிக்கினு சுத்துறவனுக்குப் பேருதான் கேரியராம்."

யாருக்கு என்று கேட்டேன். எனக்குத்தான் என்றான். சொல்லிவிட்டு, அந்தப் பெண் முதலில் சிரித்ததையும் அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும், மத்தியானம் அங்கே வேலை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நண்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டதையும் அதே நிதானத்தில் சொன்னான். அந்தக் குழம்பு நன்றாக இருந்ததாம், உப்பு மட்டும் ஒரு கல் கூடவாம்.

விஷயம் ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கொஞ்ச காலம் துப்பறிந்தேன். கடைசியில் பார்த்தால் இவனே டீக்கடையில் சொல்லியிருக்கிறான். ஏழுமலைக்கு ரத்தத்தில் வைரஸ் என்று பரவியது. எந்த ஏழுமலை என்று பரவவில்லை. மஞ்சள்காமாலை என்ற வார்த்தையும் வழியில் எங்கோ கழன்று விழுந்து, அந்த வியாதி, அந்த வியாதி என்று ஆகிவிட்டது. இரண்டு பேரையும் சேர்த்தே சந்தேகப்பட்டார்கள். டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், எங்களுக்குக் காகிதக் கப். என் வீட்டுக்கு உப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலோடு நின்று கேட்டாள். கன்னியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உண்மையச் சொல்லு, அது நீயா அவரா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? என் உடம்பில் ஒரு தலைவலிகூட இல்லை. ஆனால் அவனுக்கும் இல்லையே.

அந்தச் சமயத்தில்தான் பாட்டுக்குச் சீட்டுப் போடும் நாள் வந்தது. ஏரியில் எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று கோயில் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பதுதான் பாடு. எங்கள் குழு ஆட்கள் கசமுசாவென்று பேசிக்கொண்டு நின்றார்கள். வலை இழுக்கும்போது கை கிழியும், ரத்தம் வரும், கயிறு எல்லார் கையிலும் போகும், இரண்டு ஏழுமலையில் எவன் என்று தெரியாமல் எப்படி ஒரே படகில் ஏறுவது என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நெட்டை எழுந்து நின்றான். "கட்டைக்கு இல்ல. எனக்குத்தான். நான் கரையில இருக்கேன், நீங்க சீட்டை எடுங்க" என்றான். அவ்வளவுதான். எல்லார் முகமும் தெளிந்துவிட்டது. என் தோளில் இரண்டு பேர் கைபோட்டார்கள்.

கூட்டத்தில் இருந்தவர்கள் இன்றைக்கும் அதைப் பெரிய தியாகம் என்கிறார்கள். படத்திறப்பிலும் ஒருவர் மைக்கில் தழுதழுத்தார். எனக்கு அந்த வார்த்தையே சந்தேகம். அவனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். ஒருமுறை கோயில் ஒலிபெருக்கியை எவனோ உடைத்துவிட்டான். பஞ்சாயத்து காலையிலிருந்து நடக்கிறது, முடிகிற வழியாக இல்லை. இவன் எழுந்து நான்தான் உடைத்தேன் என்றான். அடி வாங்கினான். ஏன்டா இப்படி என்று நான் கேட்டதற்கு அவன் சொன்னது: "யாராச்சும் ஒருத்தன் ஒத்துக்கினாத்தான் கூட்டம் கலையும். கூட்டம் கலைஞ்சாத்தான் சோத்துக்குப் போவ முடியும்." அதுதான் அவன். பழி என்பது அவனுக்கு மழைத்தூறல், நனைந்துகொண்டே நடந்துவிடுவான். இப்படிப்பட்டவன் எழுந்து எனக்குத்தான் என்றால் நான் எப்படி நம்புவேன்?

மறுநாளே அவனைப் பிடித்தேன். ரத்த வங்கியில் எந்த ஏழுமலை என்று கேட்டார்களா என்றேன். மா. ஏழுமலை என்றார்கள், நான்தான் என்றேன் என்றான். வயசு பார்த்தார்களா? இரண்டு பேருக்கும் ஒரே வயசு. போன் நம்பர்? அதுவும் ஒன்று. அப்புறம் எப்படிடா அது நீதான் என்று தெரியும் என்று கேட்டேன்.

"வயித்துப் புள்ளக்காரிக்கு அது இருந்தா பொறக்குற கொழந்தைக்குப் போயிடும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி. உன் வூட்ல புள்ளக்காரி கீறா. உனக்கு வாணாம்டா. எனக்கே இருக்கட்டும்."

படகில் பங்கு பிரிக்கும்போது, கலங்கின இறாலை நான் வெச்சிக்கிறேன், நல்லதை நீ எடுத்துக்க என்பானே, அதே குரலில் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் துடுப்பை எடுத்து அடித்திருப்பேன். அது என்ன இறாலா, பங்கு மாற்றிக்கொள்ள? என் ரத்தத்தில் இருந்தால் இவன் ஒத்துக்கொண்டதும் அது கரையேறிப் போய்விடுமா? பிள்ளைக்குப் போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாயா என்றேன். கேட்டானாம். பிறந்த அன்றைக்கே ஊசி போட்டால் பிள்ளை தப்பித்துவிடுமாம். போடாவிட்டால் அந்தக் கிருமி பிள்ளையின் ரத்தத்தில் உட்கார்ந்துகொண்டு ஆயுசு முழுக்க இறங்காதாம். இத்தனையையும் தெரிந்துகொண்டு வந்து, கட்டைக்கு இல்லை என்று கோயில் முன்னால் சொல்லியிருக்கிறான். நான் அவனை நம்பியிருந்தால் கன்னியம்மாவுக்கு யாரும் சோதனை செய்திருக்க மாட்டார்கள். அவன் தாராளம் என் பிள்ளையை முழுங்கியிருக்கும். சந்தேகப்படுகிறவனைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன் ஒருமுறை வரவில்லை, இரண்டு முறை வந்தது.

நான், அவன், கன்னியம்மா மூன்று பேரும் பட்டணத்துக்குப் போனோம். நிறைமாசக்காரியை ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ரத்த வங்கியில் அதே பெண் இருந்தாள். இரண்டு ஏழுமலையும் ஒன்றாக நிற்பதைப் பார்த்துவிட்டு அவள் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். முதல் பைக்கு முதல் தடவையும் இரண்டாம் பைக்கு இரண்டாம் தடவையும் அவள் போன் செய்திருக்கிறாள். ஒரே பேர், ஒரே நம்பர் என்றதும், ஒரே ஆளைத்தான் இரண்டு தடவை எழுதிவிட்டார்களோ என்று அவளுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. நான்தான் அவளைப் பேசவிடவில்லையே. பேர் ஒன்று, பை இரண்டு, இரண்டிலும் வைரஸ்.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு இருந்தது. அவனுக்கும் இருந்தது. கன்னியம்மாவுக்கும் இருந்தது. தேவகியை அப்புறம் அழைத்துப்போய்ப் பார்த்ததில் அவளுக்கு இல்லை, அவளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக எல்லாம் சொன்னார். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே கிளாஸில் குடித்தால் வராது, தொட்டால் வராது. ரத்தம் ரத்தத்தோடு பட்டால் வரும், புருஷன் பெண்டாட்டிக்குள் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். நான் வெளியே வந்து என் முழங்கையில் ஊசி குத்தின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் தராசையும் தரகனையும் சந்தேகப்பட்டேனே, என் உடம்புக்குள்ளேயே ஒன்று குடியிருந்ததை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. நெட்டை பக்கத்தில் வந்து நின்றான். "அப்போ நான் சொன்னது பொய் இல்லடா" என்றான், ஏதோ வழக்கில் ஜெயித்தவன் மாதிரி. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். எனக்காக இல்லை, அவள் வயிற்றில் இருந்ததற்காக.

பிரசவம் பொன்னேரியில் காலையில் ஆனது. பெண் குழந்தை. இரண்டு ஊசி போடவேண்டும். ஒன்று ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. இன்னொன்றைப் பட்டணத்திலிருந்து வாங்கிவரவேண்டும், குளிர்ச்சி குறையாமல் வரவேண்டும், ஆனால் ஐஸ் நேராகப் படவும் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும் என்றார்கள். நான் கன்னியம்மா பக்கத்தை விட்டு நகர முடியாமல் நின்றேன். நெட்டை எங்கள் கேரியரில் இருந்த இட்லியை ஒரு தட்டில் கொட்டிவிட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான். எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் சந்தேகம். சரியான கடைக்குப் போவானா, சரியான மருந்தை வாங்குவானா, ரயிலில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பொன்னேரியைத் தாண்டிப் போய்விடுவானா? பொழுது சாய்வதற்குள் வந்து நின்றான். அடி அடுக்கில் ஐஸ், நடு அடுக்கில் மடித்த துண்டு, மேல் அடுக்கில் ஊசி மருந்து. நர்சம்மா மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஊசியில் ஏற்றினார். குழந்தை வீறிட்டது. நெட்டை காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டான்.

மற்ற ஊசிகளையும் தவறாமல் போட்டோம். ஒரு வயது தாண்டியபின் குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். அந்த ஒரு வருஷத்தில் நான் அவள் கண்ணைத் திறந்து மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்காத நாளில்லை. கன்னியம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். முடிவு வந்தபோது டாக்டரம்மா சிரித்தார். குழந்தை ரத்தத்தில் வைரஸ் இல்லை. நான் நம்பவில்லை, பெயரைச் சரியாகப் பாருங்கள் என்றேன். என்னால் அவ்வளவுதான் முடியும். வெளியே நெட்டை காத்துக்கொண்டிருந்தான். இல்லைடா என்றேன். "அப்போ வா, சாப்புட்டுப் போலாம்" என்றான். அவள் இப்போது பத்தாவது படிக்கிறாள்.

அதற்கப்புறம் ஊர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. குழு அவனைத் திரும்பப் படகில் ஏற்றியது, டீக்கடையில் கிளாஸ் திரும்பி வந்தது. ஆனாலும் எங்களுக்குத் தெரியாமல் தனியாகக் கழுவினார்கள் என்று நான் இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன். அவன் அதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டான். "வைரஸ்னா இன்னான்னு தெரிஞ்ச பொண்ணு என் கொழம்பை வழிச்சித் துன்னுச்சி. தெரியாதவன் கிளாஸைக் கழுவுறான். கழுவட்டும், கிளாஸ் சுத்தமாவும்" என்பான். நானும் அவனும் சில மாசத்துக்கு ஒருமுறை ஒன்றாகப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்து, வைரஸ் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வோம். அவனுக்குக் கொஞ்ச காலத்திலேயே மாத்திரை ஆரம்பித்தார்கள், எனக்குச் சோதனையோடு சரி. திரும்பி வரும்போது ரயிலில், இன்றைக்கு யார் வலையில் அதிகம் விழுந்தது என்று கேட்கிற மாதிரி, உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள் இறால் வியாபாரம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று மட்டும் இருந்தது. யார் யாருக்குக் கொடுத்தது?

டாக்டரம்மாவிடம் கேட்டேன். சொல்லமுடியாது என்றார். உங்கள் அம்மா வழியாகவே வந்திருக்கலாம், ஒரே பிளேடில் சவரம் செய்திருந்தால் அதில் வந்திருக்கலாம் என்றார். பிளேடுதான் என்று நான் முடிவு கட்டினேன். முகத்துவாரத்துப் பக்கம் மணல்திட்டில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடித்த காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ரேசர். அவன் தாடை கரடுமுரடு, எப்போதும் வெட்டிக்கொள்வான், அவனுக்கப்புறம்தான் நான் போடுவேன். ஆகவே வைரஸ் அவனுடையது, நான் வாங்கிக்கொண்டவன். என் மூலமாகக் கன்னியம்மாவுக்கும் போனது. கோபம் வந்த நாட்களில் இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவன் மறுக்கவே மாட்டான். "ஆமாண்டா, நான்தான் குடுத்தேன், வுடு" என்பான். அவன் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்தல். ஒலிபெருக்கியை உடைக்காமலே உடைத்தேன் என்றவன்.

ஏனென்றால் இன்னொரு விஷயமும் நடந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் வலையிலிருந்து மீன் கழிக்கும்போது கெளுத்தி முள் என் உள்ளங்கையில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. கெளுத்தி முள்ளின் கடுப்பு எங்கள் ஏரிக்காரர்களுக்குத் தெரியும், ஆம்பிளையை அலறவைக்கும். நான் படகில் புரண்டேன். நெட்டை என் கையை இழுத்து, முள்ளைப் பல்லால் கடித்துப் பிடுங்கி, ரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சி ஏரியில் துப்பினான். அவனுக்கு எப்போதும் ஈறு வீங்கியிருக்கும், பல் தேய்த்தால் ரத்தம் வரும். அப்படியென்றால்? என் ரத்தம் அவன் வாயிலும் போயிருக்கும், அவன் ரத்தம் என் கையிலும் வந்திருக்கும். என்னிடமிருந்து அவனுக்கு என்றால், என் வலியை உறிஞ்சியதற்கு நான் கொடுத்த கூலி அது. இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அன்றிலிருந்து நான் பிளேடு பேச்சை எடுப்பதை விட்டுவிட்டேன். அவன்தான் விடவில்லை.

போன மாசம் கடைசியாக ஒன்றாகச் சோதனைக்குப் போய்விட்டு வந்தோம். பொன்னேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. வெயில் என்றான். நான் அவனிடம் கேட்டேன், அந்தக் கெளுத்தி முள் விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று.

அவன் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "முள்ளும் இல்ல, மண்ணும் இல்ல. அது என்னுதுடா. நான்தான் உனக்குக் குடுத்தேன். எத்தினி வாட்டி சொல்றது, ஒரு வாட்டியாச்சும் என்னை நம்பேன்."

பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அவனுடைய சட்டை எனக்குச் சேராது. அவன் வலையும் பாடும் மகனுக்குப் போகும், அதுதான் முறை. படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அவன் நினைவாக உங்களிடம் என்ன இருக்கிறது என்று படத்திறப்பில் என்னைக் கேட்டார்கள். நான் மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன். நெட்ட ஏழுமலை சொன்ன எதையும் அவன் இருந்தவரை நான் சந்தேகப்படாமல் விட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறேன். என் ரத்தத்தில் ஓடுவது அவன் கொடுத்தது.